புற்று, வளை, பொந்து
வாசகர் கேள்வி – பதில்

பள்ளிக்கூடத்து ஒப்பீட்டு வினா ஒன்றைப் பற்றி வந்த கடிதத்தோடு இம்மாதப் பகுதி தொடங்குகிறது. அதன் பதிலில் வரும் அழுங்கு, சோலைபாடி என்ற இரு உயிர்களைச் சுற்றி வந்த மற்றக் கடிதங்களையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு, 'மண்ணில் வளை தோண்டி வாழும் ஒரு பாலூட்டியையும் காட்டில் பாடும் ஒரு பறவையையும் ஒப்பிடுக' என்று செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். எலி, குயில் என்று எழுதி வைத்திருக்கிறாள். இதைவிட நல்ல ஜோடி இருக்கிறதா?
— வாசகி, பொள்ளாச்சி

எலி பரவாயில்லை. குயிலை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். காதுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தாலும், பறவையியலில் 'பாடும் பறவை' என்ற கூட்டத்தில் குயில் சேராது. அந்தக் கூட்டத்துப் பறவைகளுக்குக் குரல் எழும் உறுப்பைச் சுற்றி நுணுக்கமான தசைகள் பல உண்டு. அவை தம் பாட்டைப் பெரியவற்றிடம் கேட்டுப் பழகுகின்றன. குயில் குஞ்சோ காக்கைக் கூட்டிலேயே வளர்ந்தாலும், பெரிதானதும் யாரும் சொல்லித் தராமல் 'கூ' என்றுதான் கூவும். வேடிக்கை என்னவென்றால், கரகரவென்று கத்தும் அந்தக் காக்கை பாடும் பறவைக் கூட்டத்தைச் சேர்ந்தது!

உங்கள் ஊருக்குத் தெற்கே ஆனைமலை அடிவாரத்திலேயே பொருத்தமான ஜோடி இருக்கிறது: அழுங்கும் சோலைபாடியும். அழுங்கு என்பது எறும்புத்தின்னி. சோலைபாடி, ஊருக்குள் நாம் பார்க்கும் குண்டுக்கரிச்சானின் காட்டு உறவினர். ஆணுக்குத் தலையும் முதுகும் பளபளக்கும் கறுப்பு, வயிறு செங்காவி, வால் தொடங்கும் இடத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைத் திட்டு. பெண்ணுக்குக் கறுப்பு வரவேண்டிய இடமெல்லாம் சாம்பல் பழுப்பு, வாலும் சற்றுக் குட்டை.

உருவ அளவிலிருந்து ஆரம்பிக்கட்டும். வளர்ந்த அழுங்கு தலையும் உடலுமாக 50 முதல் 75 செ.மீ., வால் 33 முதல் 45 செ.மீ., எடை 10 கிலோவுக்கு மேல். சோலைபாடி வாலோடு சேர்த்து 23 முதல் 28 செ.மீ., எடை 28 முதல் 34 கிராம். தராசில் ஒரு பக்கம் 12 கிலோ அழுங்கை வைத்தால், மறுபக்கம் 400 சோலைபாடிகள் உட்கார வேண்டும். உடல்வெப்பமும் நேர்மாறு. சிறு பறவைகளுக்கு 40 டிகிரியைத் தாண்டும். அழுங்குகளுக்கு 33 முதல் 35 டிகிரிதான், நம்மைவிடவும் குறைவு. எறும்பையும் கறையானையும் தின்று மெதுவாக ஓடும் உடம்பு அது.

ஒன்று பறக்கும், ஒன்று நடக்கும் என்ற வரிசையில் எழுதினால் ஆசிரியருக்குக் கொட்டாவிதான் வரும். இரண்டிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: எங்கே தூங்குகிறாய், எதைத் தின்கிறாய், பல் இல்லாமல் எப்படி அரைக்கிறாய், ஆபத்து வந்தால் என்ன செய்வாய், எத்தனை பிள்ளை பெறுவாய், மனிதன் உன்னிடம் எதைத் தேடி வருகிறான். அட்டவணை தானாக நிரம்பிவிடும். பதில்களில் பாதி கீழே இருக்கிறது.

எங்கள் பக்கம் அழுங்கு என்போம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் எறும்புத்தின்னி என்றிருக்கிறது. இரண்டும் ஒன்றா?
— வாசகர், வவுனியா

ஒன்றுதான். தமிழ்நாட்டிலும் அழுங்கு, அலங்கு என்ற பெயர்கள் உண்டு. 'எறும்புத்தின்னி' என்பதில்தான் ஒரு சிக்கல்: தென் அமெரிக்காவில் நீண்ட மூஞ்சியும் அடர்ந்த மயிருமாகத் திரியும் வேறொரு விலங்குக்கும் அதையே சொல்லிவிடுகிறார்கள். இரண்டுக்கும் உறவே இல்லை. அழுங்குக்கு மிக நெருங்கிய சொந்தம் பூனையும் நாயும் அடங்கிய ஊனுண்ணி வரிசைதான். உலகில் பொதுவாக 8 அழுங்கு இனங்களைக் கணக்கிடுவார்கள், ஆசியாவில் 4, ஆப்பிரிக்காவில் 4. இலங்கையில் இருப்பதும் தமிழ்நாட்டில் இருப்பதும் ஒரே இனம். வன்னிக் காடுகளில் பாடும் சோலைபாடியும் இனத்தால் இங்குள்ளதுதான், இலங்கைக்கே உரிய துணையினம்.

உடல் முழுக்கச் செதில் இருக்கும்போது அழுங்கைப் பாம்பு, ஓணான் வகையில் சேர்க்காமல் பாலூட்டி என்பது ஏன்?
— மாணவர், திண்டுக்கல்

குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது, வெப்ப இரத்தம், உடம்பில் மயிரும் இருக்கிறது. நம் அழுங்கின் செதில்களுக்கு நடுவே கூர்ந்து பார்த்தால் முரட்டு மயிர்கள் தெரியும். வயிற்றிலும் கால்களின் உட்புறத்திலும் செதிலே கிடையாது.

செதில் என்பது நம் நகம் செய்யப்பட்ட அதே கெரட்டின்தான். ஓர் உடலில் 160 முதல் 200 செதில்கள் வரை, கூரை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். உடல் எடையில் கால் பங்குக்குக் குறையாமல் இந்தக் கவசத்துக்கே போய்விடுகிறது. சோலைபாடியின் இறகும் கெரட்டின்தான்! ஆனால் பராமரிப்பு முறை வேறு. இறகு முழு நீளம் வளர்ந்ததும் அடியில் உயிர் நின்றுவிடும். கிழிந்தால் ஒட்டாது. அதனால் பறவை ஆண்டுக்கொரு முறை பழைய இறகுகளை உதிர்த்துப் புதிது வளர்க்கிறது. செதிலை அப்படி மொத்தமாக மாற்றுவதில்லை. நகம்போல அடியில் வளர்ந்துகொண்டே வரும், நுனி மண்ணில் உரசித் தேயும். வளை தோண்டுகிற பிழைப்புக்கு அதுதான் தோது. வருடத்தில் ஒரு மாதம் கவசம் கழற்றி வைத்துவிட்டுக் காட்டில் இருக்க முடியாது.

தோட்டத்து ஓரத்து மேட்டில் புதிதாக ஒரு வளை. பெருச்சாளியா, முள்ளம்பன்றியா, அழுங்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— விவசாயி, சத்தியமங்கலம்

முதலில், கையையோ கம்பையோ உள்ளே விடாதீர்கள். யார் தோண்டியிருந்தாலும், இப்போது குடியிருப்பது நாகமாக இருக்கலாம்.

வாயின் அகலத்தைப் பாருங்கள். பெருச்சாளி வளை சின்னது, உங்கள் முஷ்டி நுழைகிற அளவை ஒட்டி இருக்கும். வெளியே மண் குவியல் கிடக்கும், ஒன்றுக்கு நாலு வாசல் இருக்கும். முள்ளம்பன்றி வளை பெரியது. அதன் வாசலில் ஒரு முள்ளாவது விழுந்து கிடக்காமல் இருக்காது. கடித்த எலும்புத் துண்டுகள் கிடந்தால் ஐயமே வேண்டாம், சுண்ணாம்புச் சத்துக்காக அது எலும்பைக் கொறிக்கும். தினமும் போய்வந்து தேய்ந்த தடமும் தெரியும்.

அழுங்கு இரண்டு வகை வளை தோண்டும். ஒன்று தீனி வளை. எறும்புப் புற்றையோ கறையான் கூட்டையோ மோப்பம் பிடித்து, நேராக அதை நோக்கிக் கிளறிய ஆழமில்லாத குழி அது. முடிவில் உடைந்த கூடு இருக்கும். ஓர் இரவில் இப்படிப் பல குழிகள் போடும். அவற்றைப் பார்த்துவிட்டு 'இத்தனை அழுங்கா!' என்று மலைக்க வேண்டாம், எல்லாம் ஒரே ஆளின் வேலையாக இருக்கும். இன்னொன்று தங்கும் வளை. பாறைக்கடியிலோ மரவேர்களுக்கு இடையிலோ சரிவில் தொடங்கி உள்ளே இறங்கும். வாய் ஏறத்தாழ ஒரு சாண் அகலம். கல்லாங்குத்து நிலத்தில் 2 மீட்டரோடு நின்றுவிடும், பொதபொதப்பான மண்ணில் 6 மீட்டர் வரை போகும். கடைசியில் சுருண்டு படுக்க ஓர் அறை.

உள்ளே போனபின் பகலில் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும் வழக்கம் அதற்கு உண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மண் மூடிய வளையைப் பார்த்ததும் 'பழைய வளை, காலி' என்று நினைத்து மண்வெட்டியைப் போடுகிறார்கள். அடைத்த மண் சுற்றிலும் உள்ளதைவிட ஈரமாகவும் பொலபொலவென்றும் இருந்தால், உள்ளே ஆள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தோண்டும் முறையைச் சொன்னால் அடையாளம் இன்னும் எளிது. முன்காலில் ஐந்து நகங்கள், நடு மூன்றும் நீண்டு வளைந்தவை. அவற்றால் மண்ணைப் பெயர்த்து வயிற்றுக்கடியில் தள்ளும். பின்கால்களால் உதைத்து வெளியேற்றும். குவியல் அதிகமாகிவிட்டால் பின்னாலேயே நகர்ந்து உடம்பால் மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். ஆகவே வாசலுக்கு நேர் எதிரே, விசிறிபோல் மண் சிதறிக் கிடக்கும். அந்த நகங்கள் மழுங்கினால் பிழைப்பு போய்விடும் என்பதால், நடக்கும்போது முன்பாதத்தை உள்ளே மடக்கி, விரல் முட்டிமேல் நடக்கிறது. எனவே அதன் முன்கால் தடத்தில் நீளமான நகக்கோடு தேடாதீர்கள், வட்டமான அழுத்தம்தான் இருக்கும். நடுவே வால் இழுபட்ட கோடு சில இடங்களில் தெரியும். எச்சம் கிடைத்தால் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். மண்ணும் எறும்புத் தலைகளும் மிஞ்சினால் விசாரணை முடிந்தது.

பயிருக்கு அதனால் நட்டமில்லை. வேர் தின்னாது, காய் தின்னாது. வரப்பில் குழி போட்டால் மண் அள்ளிப்போட்டு மிதித்துவிடலாம். தங்கும் வளையை மட்டும் மூடாதீர்கள்.

அழுங்குக்குப் பல்லே இல்லையாமே? எப்படித்தான் சாப்பிடுகிறது?
— வாசகி, மதுரை

பல் இல்லாதது அதற்குப் பெரிய குறையில்லை, சோலைபாடிக்கும்தான் இல்லை. இரண்டும் அரைப்பதை வயிற்றிடம் விட்டுவிட்டன. பறவைக்கு அரைவைப்பை இருக்கிறது. அழுங்கின் இரைப்பையிலும் உட்சுவரின் ஒரு பகுதி காய்த்துத் தடித்துக் கெட்டியாகி, கூடவே விழுங்கிய மணலும் பொடிக்கற்களும் சேர்ந்து அம்மியாகிறது. எறும்போடு மண் தின்பதைச் சாப்பாட்டு ஒழுங்கின்மை என்று நினைக்க வேண்டாம், அதுதான் அதன் பல்.

நாக்கு 20 செ.மீ.க்கு மேல் வெளியே நீளும். நம் நாக்குபோல் வாய்க்குள் முடிந்துவிடுவதில்லை. தொண்டையைத் தாண்டி மார்புக்கூட்டுக்குள் இறங்கி, மார்பெலும்பின் கடைசி நுனியில் வேர் ஊன்றியிருக்கிறது. பசைபோன்ற எச்சில் பூசிய அந்த நாக்கைப் புற்றின் துளைகளில் விட்டு எடுத்தால் எறும்புகள் ஒட்டிக்கொண்டு வரும். கடிக்க வரும் எறும்புகளுக்கு எதிராக மூக்குத் துளையையும் காதையும் மூடிக்கொள்ளும். கண்ணிமை தடிப்பானது.

சோலைபாடியும் பூச்சியுண்ணிதான். ஆனால் கொத்திப் பொறுக்கும் சாதி. தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டும், தாழ்ந்த கிளையிலிருந்து பாய்ந்து பிடிக்கும். வண்டு, வெட்டுக்கிளி, புழு, சிலந்தி எல்லாம் சரி. அழுங்குபோல எறும்பு, கறையான் என்று ஒற்றைக்காலில் நிற்பதில்லை.

இந்த இரண்டும் ஒரே பந்தியில் உட்காருவது முதல் மழைக்குப் பின்தான். சாயங்காலம் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். மேலே பறந்ததைச் சோலைபாடி அந்தி வெளிச்சத்தில் பிடித்துத் தின்னும். அது அடங்கி ஒரு மணி நேரம் கழித்து அழுங்கு வந்து, பறக்காமல் உள்ளே தங்கிவிட்ட கறையானையும் முட்டையையும் புற்றை உடைத்து நக்கும். ஒரே கூட்டின் மாடி ஒருவருக்கு, அடித்தளம் இன்னொருவருக்கு.

சோலைபாடி எங்கே கூடு கட்டும்? வீட்டுத் தோட்டத்தில் கூட்டுப்பெட்டி வைத்தால் வருமா?
— வாசகர், கோயம்புத்தூர்

நகரத்துக்குள் வராது. அதற்குக் கீழ்த்தளச் செடி அடர்ந்த காடு வேண்டும், மூங்கில் கொத்து இருந்தால் மிகப் பிடிக்கும். மரப்பொந்தில்தான் கூடு. ஆனால் பொந்தைக் குடைய அதற்குத் தெரியாது. கிளை ஒடிந்து உளுத்த ஓட்டையோ, வேறு பறவை குடைந்து விட்டுப்போனதோ கிடைத்தால்தான் குடித்தனம். அழுங்கு எந்த மண்ணிலும் தன் வீட்டைத் தானே தோண்டிக்கொள்ளும். சோலைபாடியின் வீட்டை யாராவது முன்பே கட்டியிருக்க வேண்டும். பட்ட மரங்களை 'காய்ந்து நிற்கிறது, விறகாகட்டும்' என்று வெட்டித் துப்புரவு செய்த காட்டில் பூச்சி நிறைய இருந்தும் சோலைபாடி குறைந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

கூட்டு வேலை முழுக்கப் பெண்ணுடையது. சருகு, வேர், பெரணி இழை கொண்டுவந்து திணிக்கும், ஆண் காவல். ஏப்ரல் முதல் ஜூன் வரை பருவம். பெரும்பாலும் 4, சில சமயம் 5 முட்டை. வெளிர்நீலம் ஓடிய வெள்ளையில் பழுப்புத் திட்டுகள். அடைகாப்பது பெண் மட்டும், 12 முதல் 15 நாள். இரை கொடுப்பதில் இருவரும் பங்கு. பொரித்து 12, 13 நாளில் குஞ்சு வெளியேறிவிடும். அழுங்கோ ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டி, அபூர்வமாக இரண்டு. மென்மையான செதில்களோடு பிறக்கும் அந்தக் குட்டி, தாயின் வாலடியில் தொற்றிக்கொண்டு மாதக்கணக்கில் ஊர்சுற்றும். ஒரு சோலைபாடிக் கூடு பாழானால் அதே பருவத்தில் மறுபடி முட்டையிட முடியும். ஓர் அழுங்குத் தாய் செத்தால் அந்த இடம் நிரம்ப ஆண்டுகள் ஆகும்.

உங்கள் தோட்டத்துக்குக் குண்டுக்கரிச்சான் வரும், அதற்குப் பெட்டி வையுங்கள். வண்ணம் பூசாத, ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. கனமுள்ள பலகை. அடித்தளம் உள்ளளவு 15-க்கு 15 செ.மீ., உயரம் 25 செ.மீ. வாசல் மேற்பகுதியில், விட்டம் 5 செ.மீ. அதைவிடப் பெரிதாக்கினால் மைனா வந்து பிடித்துக்கொள்ளும். அடியில் நாலு மூலையிலும் பென்சில் நுழையும் துளை போடாவிட்டால் மழைச்சாரல் தேங்கிக் குஞ்சு விறைத்துச் சாகும். கூரை முன்பக்கம் 5 செ.மீ. நீண்டிருக்கட்டும். வாசலுக்குக் கீழே அழகுக்காகக் குச்சி செருகாதீர்கள், பறவைக்கு அது தேவையில்லை, காக்கைக்கு உட்காரத்தான் வசதி. தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில், மதிய வெயிலும் சாரலும் நேரே அடிக்காத பக்கம் மாட்டுங்கள். ஜனவரிக்குள் மாட்டிவிட்டால் பருவத்துக்குள் பறவைக்குப் பழகிவிடும். பூனை ஏறும் மதிலை ஒட்டி வைத்தால் எல்லாம் வீண்.

சோலைபாடியின் குரலை மற்றப் பறவைகளிடமிருந்து பிரித்தறிவது எப்படி? அழுங்கு குரல் கொடுக்குமா?
— வாசகர், கம்பம்

அழுங்கின் கதை ஒரு வரி: மூச்சைச் சீறும், பயந்தால் புஸ்ஸென்று ஊதும், அவ்வளவுதான். அதன் பேச்செல்லாம் மணத்தில். வாலடியிலுள்ள சுரப்பியின் வாடையும் சிறுநீரும்தான் கடிதப் போக்குவரத்து.

சோலைபாடிக்கு வருவோம். நமக்குக் குரல் தொண்டையின் மேற்பகுதியில் பிறக்கிறது. பறவைக்கோ மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து நுரையீரலுக்குப் போகும் கவையில் பிறக்கிறது. கவையின் இரு கிளைகளையும் தனித்தனியே இயக்க முடியும். ஒரே தொண்டையில் இரண்டு புல்லாங்குழல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோலைபாடியின் பாட்டு அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் கனத்த, உருண்ட சுரங்களில் தொடங்கும். ஒரு சொற்றொடரை இரண்டு மூன்று முறை சொல்லும். பிறகு அதன் முடிவை மாற்றி இன்னொன்றுக்குத் தாவும். நடுவே வேறு பறவைகளின் குரலையும் சேர்த்துக்கொள்ளும்.

போலி செய்வதில் துடுப்புவால் கரிச்சானும் கெட்டிக்காரர் என்பதால் ஆட்கள் குழம்புகிறார்கள். குரல் வரும் உயரத்தைக் கவனியுங்கள். கரிச்சான் மர உச்சியை ஒட்டியும் நடு மட்டத்திலும் இருக்கும். சோலைபாடி உங்கள் தலை உயரத்திலோ அதற்கும் கீழோ, புதருக்குள். கரிச்சானின் குரலில் உலோகத்தைத் தட்டும் ஓசை உண்டு. மலையோடைக்கரையில் மனிதர் சீழ்க்கையடிப்பதுபோல் பாடும் சீகாரப் பூங்குருவி தனி, அதன் பாட்டு இலக்கில்லாமல் ஏறி இறங்கி அலையும். சோலைபாடியிடம் ஒரு கட்டுக்கோப்பு உண்டு. கலைத்துவிட்டால் பாட்டு நின்று 'டக், டக்' என்று நாக்கைத் தட்டுவதுபோல் எச்சரிக்கும். அதன்பின் பத்து நிமிடம் நின்று பார்த்தாலும் பலனில்லை, இடம் மாறிவிடுங்கள்.

நேரம் முக்கியம். விடியலிலும், அதைவிட அந்தியிலும். மற்றப் பறவைகள் அடங்கி, எழுத்துப் படிக்க முடியாத மங்கலிலும் அது பாடிக்கொண்டிருக்கும். சூரியன் மறைய அரை மணிக்கு முன்பே மூங்கில் ஓடை ஓரம் போய் அசையாமல் நில்லுங்கள். கறுத்த உருவம் கண்ணுக்குப் படாது. பறக்கும்போது அந்த வெள்ளைத் திட்டு மின்னுவதுதான் முதல் அடையாளம். கைப்பேசியில் பதிவு செய்வதானால் விமானப் பயன்முறையில் போட்டு, வாயை மூடிக்கொண்டு, குறைந்தது ஒரு நிமிடம். பதிந்த பாட்டைத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கம் பரவி வருகிறது. தயவுசெய்து வேண்டாம். எதிரி எல்லைக்குள் வந்துவிட்டான் என்று நம்பி ஆண் காவலை விட்டு ஓடிவரும். குஞ்சுக்கு இரை கொடுக்கும் நேரம் அதில் போகும்.

உபரியாக ஒரு செய்தி. உலகில் முதன்முதலாக ஒலிப்பதிவான பறவைப் பாட்டு சோலைபாடியுடையது! 1889-இல் ஜெர்மனியில், கூண்டிலிருந்த ஒரு பறவையை லுட்விக் கோக் எடிசனின் மெழுகு உருளையில் பதிந்தார். அப்போது அவர் சிறுவன்.

ஹவாய்த் தீவிலும் சோலைபாடி இருப்பதாகப் படித்தேன். பறந்து போனதா?
— வாசகி, சென்னை

மனிதர் கொண்டுபோனது. கவாய் தீவில் 1931-லும் ஓவாகு தீவில் 1940-லும் விட்டார்கள். பெருகிவிட்டது. தைவானிலும் கூண்டிலிருந்து தப்பியவை காட்டில் பரவி, உள்ளூர்ப் பறவைகளுக்குத் தலைவலியாகி இருக்கின்றன. அழுங்கை இப்படி வேறு நாட்டில் குடியேற்றியதாக வரலாறு கிடையாது. ஏன் என்பதை அடுத்த பதிலில் காணலாம்.

இரண்டையும் ஏன் கடத்துகிறார்கள்? சோலைபாடி வளர்ப்பது குற்றமா? லவ் பேர்ட்ஸ் எல்லோரும் வளர்க்கிறார்களே?
— வாசகர், திருச்சி

லவ் பேர்ட்ஸ் வெளிநாட்டுப் பறவை. நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'குஞ்சாகக் கீழே கிடந்தது, எடுத்து வளர்க்கிறேன்' என்பதும் சட்டத்தில் நிற்காது. அழுங்கு அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை. 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பின் அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. பன்னாட்டு வணிகத்தில், சைட்டிஸ் என்ற காட்டுயிர் வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு 8 அழுங்கு இனங்களையும் மாற்ற 2016-இல் முடிவெடுத்து, 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சோலைபாடி 2022-இல் இரண்டாம் பட்டியலில் ஏறியது.

கடத்தும் காரணம் வேறு வேறு. அழுங்குச் செதில் மருந்து என்ற நம்பிக்கை. மேலே சொன்னோம், அது கெரட்டின். வெட்டிப்போட்ட நகத்தைப் பொடித்துக் குடித்தால் என்ன பலனோ அதே பலன்தான். சீனாவே 2020-இல் தன் மருந்துநூல் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டது. சோலைபாடிக்கோ குரல்தான் விலை. இந்தோனேசியாவில் 'முராய் பத்து' என்ற பெயரில் பாட்டுப் போட்டிகளுக்கு வளர்க்கிறார்கள், வால் நீண்டால் விலை இன்னும் ஏறும்.

அழுங்கு ஆபத்தில் ஓடாது, கடிக்காது. மூஞ்சியை வயிற்றில் புதைத்து வாலால் மூடிப் பந்தாகிவிடும். சிறுத்தை பல் பதியாமல் உருட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மனிதனுக்கோ அது மெனக்கெடாமல் சாக்கில் தூக்கிப்போடும் பொருள். சோலைபாடி எல்லையைக் காக்கப் பாடுகிறது, அந்தப் பாட்டே இருக்கும் கிளையைக் காட்டிக்கொடுக்கிறது.

பிடிபட்டபின் நடப்பதில்தான் பெரிய வித்தியாசம். சோலைபாடி வேகவைத்துக் காயவைத்த பயறு மாவிலும் முட்டை மஞ்சள் கருவிலும் ஆண்டுக்கணக்கில் பிழைக்கும். அதனால்தான் கூண்டு வியாபாரம் ஓய்வதில்லை. அழுங்கு அப்படியில்லை. பால், சோறு, பழம் எதையும் தொடாது. எறும்பு கொடுத்தாலும் அச்சத்தில் தின்னாமல் கிடக்கும். இரைப்பைப் புண், நிமோனியா என்று சில நாள், சில வாரத்தில் போய்விடும். ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் அழுங்குக்கென்றே இனப்பெருக்க மையம் வைத்துப் பாடுபடுகிறார்கள். அத்தனை ஏற்பாடு வேண்டியிருக்கிற விலங்கை வீட்டில் தொட்டியில் வைத்துக் காப்பாற்றலாம் என்று நினைக்கக்கூடாது.

போன மாதம் இரவில் மாட்டுக்கொட்டகைக்குள் அழுங்கு ஒன்று வந்து நாய்கள் சூழ்ந்துகொண்டன. என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுபடி வந்தால்?
— விவசாயி, தேனி

முதலில் நாய்களைக் கட்டுங்கள், பிறகு ஆட்களை விலக்குங்கள். டார்ச்சை முகத்தில் அடிக்க வேண்டாம். பக்கத்தில் காடோ கரடோ இருந்து வழி திறந்திருந்தால், எல்லோரும் விலகி விளக்கை அணைத்துவிட்டாலே போதும். அரை மணி, ஒரு மணி கழித்துப் பந்து மெல்ல அவிழும். மூக்கு முதலில் வெளியே வரும், காற்றை மோந்து பார்த்துவிட்டுத் தானே போய்விடும். பந்தைக் கையால் பிரிக்க முயலாதீர்கள். வாலின் பிடிக்குள் விரல் அகப்பட்டால் செதிலின் ஓரம் கத்திபோல் அறுக்கும். இழுத்துப் பிரித்தால் அதற்கும் தசை கிழியும்.

கிணற்றிலோ தொட்டியிலோ விழுந்திருந்தால், அல்லது காயம் இருந்தால், வனத்துறையைக் கூப்பிடுங்கள். அவர்கள் வரும்வரை வைக்க அட்டைப்பெட்டி உதவாது, ஐந்து நிமிடத்தில் கிழித்துவிடும். கம்பிவலைக் கூண்டு அதைவிட மோசம், நகம் மாட்டி ஒடியும். மூடியில் காற்றுத் துளை போட்ட கெட்டியான பிளாஸ்டிக் டிரம்மோ மரப்பெட்டியோ சரி. அடியில் ஒரு சாண் மண் போட்டு, மேலே கோணிச்சாக்கு மூடி, இருட்டான, ஓசையில்லாத இடத்தில் வையுங்கள். மூடிமேல் கல் வையுங்கள், தள்ளித் திறக்கும் பலம் அதற்கு உண்டு. ஆழமில்லாத தட்டில் தண்ணீர் போதும். சாப்பாடு வேண்டாம். மேலே தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவது பல ஊர்களில் பழக்கமாக இருக்கிறது. உடல்வெப்பமே குறைவான விலங்கு அது, குளிரில் நிமோனியா கண்டுவிடும். கைப்பேசிப் படம் எடுக்கக் கூட்டம் சேர்ப்பதும் கூடாது. படத்தை ஊர்ப்பெயரோடு போட்டால் அடுத்த இரவு வருகிறவன் வேறு நோக்கத்தோடு வருவான்.

காயமில்லையென்றால் பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே, இருட்டியபின் விடும்படி வனத்துறையினரிடம் கேளுங்கள். தொலைவில் விட்டால் அதற்குத் தன் வளை தெரியாது.

தோட்டத்தைச் சுற்றி மின்வேலி போட்டிருந்தால் தரையை ஒட்டிய கம்பியைக் கவனியுங்கள். தென்னாப்பிரிக்காவில் அழுங்குகள் அதிகம் சாகும் வழி அதுதான். கம்பி வயிற்றில் படும், சுரீரென்றதும் பழக்கப்படி அதைச் சுற்றியே சுருண்டுகொள்ளும், திரும்பத் திரும்ப அடி வாங்கும். கீழ்க்கம்பியைத் தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் உயர்த்திக் கட்டுங்கள், அடியில் நுழைந்து போய்விடும்.